தராசு மாறட்டும், கணக்கு யார் கையில்?



கம்பனிகளுக்கு இப்போது ஒரு புதிய சொல் கிடைத்திருக்கிறது: 'டிஜிட்டல் மாற்றம்'. கொழும்பில் கூட்டம் வைக்கிறார்கள், துரைமார்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், கொழுந்து மடுவத்துக்குப் புதுத் தராசு வருகிறது. செக்ரோல் போய் மென்பொருள் வருகிறது. கம்பனி தயாராகிவிட்டதாம், மென்பொருளும் தயாராகிவிட்டதாம். தொழிலாளி தயாரா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்களைக் கேட்காமல் செய்த தயாரிப்பு எப்படி இருக்கிறது என்பதை மடுவத்தில் நின்று பார்த்தவர்கள் நாங்கள்.

எங்கள் சங்க அங்கத்தவர்கள் இருக்கும் ஒரு தோட்டத்தில் நடந்தது இது. புதுத் தராசு வந்து இரண்டாம் வாரம். மழை இல்லாத, நல்ல வெயில் நாள். ஒரு அக்காவின் கொழுந்துக்குத் தராசு 21 கிலோ காட்டியது. அவர் கண்ணால் பார்த்தார், பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். கணக்கில் விழுந்தது 18. "ஏன் ஐயா மூணு கிலோ கொறையுது?" என்று கேட்டதற்கு, "மெஷின்ல அப்படித்தான் வருது, நான் என்ன செய்ய?" என்றார் கணக்கப்பிள்ளை. விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. சாக்குக்கும் தண்ணீருக்கும் மூன்று கிலோ கழிக்கும்படி மென்பொருளில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்கள். வெயில் நாளா மழை நாளா என்று அதற்குத் தெரியாது. அதற்குச் சொல்லிக் கொடுத்தவருக்குத் தெரியும்.

முன்பெல்லாம் தண்ணீர்க் கழிவு அதிகம் என்றால் மடுவத்திலேயே சண்டை பிடிப்போம். "கையை விட்டுப் பாருங்க, கொழுந்து காய்ஞ்சு கிடக்கு" என்போம். கணக்கப்பிள்ளையோ வெளிக்கள உத்தியோகத்தரோ ஒரு கிலோவாவது இறங்கி வருவார். இப்போது யாரோடு சண்டை பிடிப்பது? கணக்கப்பிள்ளை மெஷினைக் காட்டுகிறார். துரை கொழும்பைக் காட்டுகிறார். கொழும்பு மென்பொருள் செய்த கம்பனியைக் காட்டுகிறது.

நாங்கள் மெஷினுக்கு எதிரிகள் அல்ல. பழைய தராசு சத்தியவந்தன் என்று நாங்கள் எப்போதாவது சொன்னோமா? எழுத்துக் கணக்கில் கிலோ களவு போனதும், வேலைக்கு வந்தவருக்குப் பேர் விழாமல் போனதும் எங்கள் வீட்டுக் கதைகள்தான். நேர்மையான தராசை, உடனே சீட்டு அடித்துத் தரும் தராசை, முதலில் வரவேற்கப் போவது நாங்கள்தான். எங்கள் கேள்வி ஒன்றுதான்: கணக்கை எழுதுபவர் கையில் மட்டும் கணக்கு இருக்கலாமா?

இந்தக் கேள்வி புதிதல்ல. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனை அடைக்கும் தோட்டத்துக்கு ஆள் போக வேண்டும். எழுதியவர் வேறொருவர், வாசிக்கத் தெரியாதவர் தொழிலாளி. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். எங்களால் வாசிக்க முடியாத கணக்கு எங்கள் வாழ்க்கையைத் தீர்மானித்த காலம் அது. நூறு வருடம் கழித்து அதே கதை கைபேசிக்குள் திரும்பி வர விடமாட்டோம்.

மூன்று கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை விதித்த 1,350 ரூபாவையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்து நோர்ம் 20 கிலோ என்றால், 21 எடுத்தவருக்கு முழுப்பேர். 18 என்று விழுந்தால் பல தோட்டங்களில் அரைப்பேர்தான். அதாவது ஒரே நாளில் 675 ரூபா போகிறது. அந்த 675க்கு உரிய ஊழியர் சேமலாப நிதி, எங்கள் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேர்த்து 135 ரூபா, அதுவும் போகிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி கட்ட வேண்டிய 3 வீதமும் குறைகிறது. கழிவு கொழுந்தில் தொடங்கி வயதான காலத்துச் சோறு வரைக்கும் போகிறது.

பணிக்கொடையையும் பாருங்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் உழைத்தவருக்கு 420 நாள் சம்பளம், 1,350 ரூபா வீதம் 567,000 ரூபா. ஆனால் 30 வருடம் என்று சொல்வது பதிவு. அந்தப் பதிவு இன்று எந்த நிலையில் இருக்கிறது? செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, சேமலாப நிதியில் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்து. மூன்றும் ஒரே ஆள். பழைய கணக்கப்பிள்ளைக்கு அது தெரியும். மென்பொருளுக்கு அவர்கள் மூன்று பேர். இந்தக் குழப்பத்தில் ஐந்து வருடம் காணாமல் போனால் 94,500 ரூபா காணாமல் போகும்.

இதைத்தான் நாங்கள் தயாரிப்பு என்கிறோம். பிழையான செக்ரோலைக் கணினியில் ஏற்றினால் பிழை வேகமாக ஓடும், அவ்வளவுதான். வீட்டைக் கூட்டாமல் வெள்ளையடிப்பது போன்ற வேலை இது.

இது எங்கள் பயமல்ல, உலகம் பட்ட பாடு. 2010 மார்ச்சில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறை, 70,000க்கும் அதிகமான ஊழியர்களின் சம்பளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியது. குறைகள் இருப்பது தெரிந்தும், சரியாகப் பரீட்சித்துப் பார்க்காமல் மாற்றினார்கள். தாதிமாருக்கும் சிற்றூழியர்களுக்கும் சம்பளம் குறைந்தது, சிலருக்கு வரவேயில்லை. 2013இல் விசாரணை ஆணைக்குழு வைக்க வேண்டி வந்தது.

பிரித்தானியத் தபால் துறையின் கதை இன்னும் கொடியது. 'ஹொரைசன்' என்ற மென்பொருள் கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியது. உபதபால் அதிபர்கள் "நாங்கள் எடுக்கவில்லை" என்றார்கள். மென்பொருள் பிழை விடாது என்றது நிர்வாகம். 900க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள், பலர் சிறைக்கும் போனார்கள். மென்பொருளில்தான் பிழை என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளை நீக்க 2024இல் தனிச்சட்டமே போட்டார்கள். படித்த, சொந்தக் கடை வைத்திருந்த மனிதர்களுக்கே அந்தக் கதி என்றால், மடுவத்தில் வரிசையில் நிற்கும் எங்கள் அம்மாமாரின் சொல்லை யார் கேட்பார்கள்?

"தொழிலாளருக்கு இதெல்லாம் விளங்காது" என்று ஒரு பதில் வருகிறது. விளங்காமல் இருப்பது யார் குற்றம்? சில தோட்டங்களில் நிறை விபரம் கைபேசிக்கு ஆங்கிலத்தில் வருகிறது. பின்னேரம் லயத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை அம்மாவுக்கு வாசித்துச் சொல்கிறது. மறுநாள் வகுப்பில் எங்களிடம் வந்து, "டீச்சர், 'டிடக்‌ஷன்' என்டா என்ன?" என்று கேட்கிறது. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. நாளைக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று சொல்லும்போது தமிழ் வருகிறது, எத்தனை கிலோ கழித்தோம் என்று சொல்லும்போது மட்டும் வராதா?

எனவே சங்கத்தின் சார்பில் நாங்கள் கேட்பது இவை:

1. கழிவு எவ்வளவு என்பதை மென்பொருள் தீர்மானிக்கக் கூடாது. அன்றைய கழிவை மடுவத்தில், தோட்டத் தலைவர் முன்னிலையில் முடிவு செய்து பலகையில் எழுத வேண்டும்.

2. நிறுத்த நிறை, கழித்த நிறை, மீதி நிறை மூன்றும் கொண்ட சீட்டு ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் கையில் வர வேண்டும். சிக்னல் இல்லாத மலைக்கும் இது பொருந்த வேண்டும்.

3. தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும்.

4. குறைந்தது ஆறு மாதம் செக்ரோலும் மென்பொருளும் பக்கம் பக்கமாக ஓட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் தொழிலாளிக்குச் சாதகமான கணக்கே செல்ல வேண்டும்.

5. மாற்றுவதற்கு முன் ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வேலைக்குச் சேர்ந்த திகதி ஆகியவற்றை அவரிடமே காட்டித் திருத்த வேண்டும். பழைய செக்ரோல்களை அழிக்கக் கூடாது.

6. கைரேகை, முகப்படம் எடுப்பதானால் எதற்கு, எங்கே வைப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் தர வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை விசேடப் பாதுகாப்புக்குரிய தரவுகளாகவே கருதுகிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டதைக் கம்பனி சாட்டாகச் சொல்ல இடமளியோம்.

7. "மெஷின்ல அப்படித்தான் வருது" என்பது பதிலாகாது. முறைப்பாட்டுக்குப் பொறுப்பான ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். சம்பள நாளுக்கு முன் பிழை திருத்தப்பட வேண்டும்.

இதில் எதுவும் கம்பனியால் செய்ய முடியாத காரியமல்ல. மென்பொருளுக்குக் கொடுக்கும் காசில் ஒரு சிறு பங்கும் கொஞ்சம் நேர்மையும் இருந்தால் போதும்.

கம்பனி செய்யும் வரை நாங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி வையுங்கள். திகதி, தராசு காட்டிய கிலோ, கணக்கில் விழுந்த கிலோ, இந்த மூன்றையும் தினமும் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதுவார்கள். மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் தலைவரிடம் கொண்டு வாருங்கள். பத்து வீட்டுக் கொப்பி ஒன்றாக மேசையில் விழுந்தால் எந்தத் துரையும் மெஷினைக் காட்டித் தப்ப முடியாது.

கொழுந்து எங்கள் கையால் பறித்தது. அதன் கணக்கும் எங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.