நாலு சுவிட்ச் போதும்... நம்ம ஊர் நாடக மேடைக்கு!

வில்லியனூர், பாகூர் பக்கத்து கிராமங்களில் தெருக்கூத்தோ, பள்ளி ஆண்டு விழா நாடகமோ... பட்ஜெட்டில் லைட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். நகரத்து அரங்குகளில் ‘டி.எம்.எக்ஸ் 512’ முறையில், ஒரே கேபிளில் 512 சேனல்களை இயக்குகிறார்கள். நமக்கு நான்கே போதும்!

ஒரு பலகையில் நான்கு சுவிட்ச்: மேடை முழுக்க மஞ்சள், இரவுக் காட்சிக்கு நீலம், சண்டைக்குச் சிவப்பு, நடுவில் நிற்பவருக்கு மட்டும் வெள்ளை. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். காட்சி மாறும்போது புது லைட்டைப் போட்ட பிறகே பழையதை அணையுங்கள், மேடை இருட்டாகாது.

500 வாட் ஹாலஜன், 230 வோல்ட்டில் சுமார் 2.2 ஆம்பியர் இழுக்கும். அதனால் 6 ஆம்பியர் சுவிட்சில் இரண்டுக்கு மேல் வேண்டாம். எல்.இ.டி என்றால் லோடு வெகுவாகக் குறையும்.

செலவைச் சுருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கூத்துக் கலைஞர்கள் ஈர மண்ணில் வெறுங்காலோடு ஆடுபவர்கள். எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி-யும் கட்டாயம். மின்சாரம் உடம்பு வழியாகக் கசிந்தால், அது நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வயரிங் வேலையை எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள். சுவிட்ச் போடும் வேலையை ஊர்ப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்!