ஆபரேஷன் முடிந்த அன்று இரவு தூக்கம் வந்ததா?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்னதும் வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்குப் போன உயிர் திரும்பி வரும். ஆனால் உள்ளே படுத்திருப்பவருக்கு அன்று இரவு எப்படிக் கழியும் என்று யாராவது கேட்கிறார்களா?

இந்தியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். அறுவை சிகிச்சை முடிந்ததும் மார்பிலும் அக்குளிலும் வலி. பல பேருக்கு நிணநீர் வடிய ஒரு குழாய் வேறு. புரண்டு படுக்க முடியாது. மார்ஃபின் வகை மருந்து கொடுத்தால் வலி குறையும். ஆனால் குமட்டல் வரலாம், ஆழ்ந்த தூக்கமும் கெடும். மருந்தில் சொக்கிக் கிடப்பது வேறு, தூங்குவது வேறு!

இதற்கு உதவுவதுதான் நெர்வ் பிளாக். அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டே, மார்புப் பகுதி நரம்புகளுக்கு அருகில் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்துகிறார்கள். முதுகெலும்பை ஒட்டிப் போடும் பாராவெர்டிப்ரல் பிளாக் பழைய முறை. மார்புத் தசைகளுக்கு இடையில் போடும் பெக்ஸ் பிளாக்கை 2011-ல் ரஃபேல் பிளாங்கோ விவரித்தார். முதல் நாள் வலியும் மார்ஃபின் தேவையும் இவற்றால் குறைகின்றன.

இது சர்வரோக நிவாரணி இல்லை. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கிவிடும். அதற்கு முன்பே வலி மாத்திரையைத் தொடங்க வேண்டும். அரிதாக நுரையீரலில் ஊசி படும் ஆபத்தும் உண்டு. பாராவெர்டிப்ரல் பிளாக் போட்டால் புற்றுநோய் திரும்ப வருவது குறையுமா என்று 2,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் லான்செட் இதழில் வந்தது. குறையவில்லை என்பதே முடிவு.

அப்படியானால் எதற்கு இந்த ஊசி? புற்றுநோய் என்ற வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து தூக்கம் தொலைத்த ஒரு பெண், அன்று ஒரு இரவாவது வலி இல்லாமல் கண்ணயர்ந்தால் அது லாபம் இல்லையா? எல்லாவற்றையும் உயிர் பிழைக்கும் சதவீதத்தில் மட்டும் கணக்குப் பார்த்தால், இந்த லாபம் எந்த ஏட்டிலும் ஏறாது.

நோயாளி எப்படித் தேறி வருகிறார் என்று அளக்க 2013-ல் வந்த கியூஓஆர்-15 என்ற பட்டியலில் 15 கேள்விகள். அதில் ஒன்று, நன்றாகத் தூங்கினீர்களா என்பது. காய்ச்சல், பி.பி. எழுதும் தாளிலேயே இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம். பைசா செலவில்லை.

குடும்பத்தினரும் ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள்: "இவங்களுக்கு நெர்வ் பிளாக் போட முடியுமா?" முடியாது என்றால் காரணம் சொல்வார். கேட்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே!