நெட்டுக்குப்பத்துச் சேற்றுக்கு ஒரு வரைபடம்

தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

எண்ணூரிலிருந்து எழுதுகிறேன். பறவை பார்க்கப் போகிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் வேடந்தாங்கலுக்கா, பழவேற்காட்டுக்கா என்று கேட்பார்கள். நெட்டுக்குப்பத்துக்கு என்றால் சிரிப்பார்கள். அங்கே சாம்பலும் புகைபோக்கியும்தானே என்பார்கள்.

அவையும் உண்டுதான். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்து ஊர் இது. எதிரே வடசென்னை அனல் மின் நிலையம். ஆனால் மார்கழி, தை மாதங்களில் இருட்டோடு போய், தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையில் நின்று பாருங்கள். வெளிச்சம் வர வர, காலியாகத் தெரிந்த சேறு ஓடத் தொடங்கும். ஓடுவது உப்புக்கொத்திகளும் கொசு உள்ளான்களும். மத்திய ஆசிய வலசைப் பாதையில் வடக்கேயிருந்து வந்து, குளிர்காலத்தை இங்கே கழிப்பவை. உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, மேல்சேற்றில் பொறுக்கும். கோட்டானுக்கு நீண்டு வளைந்த அலகு, ஆழத்துப் புழுவைத் தோண்டி எடுக்கும். நெடுங்கால் உள்ளான் தண்ணீரிலேயே நின்று தின்னும். ஒரே சேறு, தட்டு மட்டும் வேறு வேறு.

அந்த நேரத்தில் வலையோடு இறங்கும் பெரியவர் ஒருவர், என் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா தம்பி, பட்சிய சும்மா பாத்துனு கீறே? அது நிக்கிற எடத்துலதான் எறா இருக்கும்." எந்தக் கையேட்டிலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

அந்த இறாலுக்கு வந்த கேடுகளை நீங்கள் அறிவீர்கள். சாம்பல் கழிவால் கழிமுகம் கெட்டதற்கு மின் வாரியமே பொறுப்பு என்று பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. இறகெல்லாம் எண்ணெயாகத் தவித்த கூழைக்கடாக்களைப் பிடித்துக் காப்பாற்ற உங்கள் துறையே ஆளனுப்பியது. இப்போது காக்கா ஆழி. அமெரிக்கக் கண்டத்துக் கடற்கரைகளிலிருந்து வந்த இந்தச் சிப்பி, சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிடுகிறது. அடியில் இறாலுக்கும் புழுவுக்கும் இடமில்லை. மேலிருந்து அலகும் இறங்காது. மீனவருக்கும் உள்ளானுக்கும் ஒரே நாளில் பசி.

சரணாலயமாக அறிவியுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. கழுவேலி ஈரநிலத்துக்கு 2021இல் அது நடந்தது, 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது, நல்லதுதான். ஆனால் இங்கே சரணாலயம் என்றால், நாளைக்கு வலை வீசுபவனையே குற்றவாளி ஆக்கிவிடுவார்களோ என்ற பயம் குப்பங்களில் உண்டு. அது நியாயமான பயம். இந்தக் கழிமுகத்துக்காக இத்தனை ஆண்டுகள் வழக்குமன்றத்திலும் தெருவிலும் நின்றவர்கள் அவர்கள். அவர்களை வெளியே நிறுத்தும் வேலி எதுவும் வேண்டாம்.

வேண்டியது வரைபடம். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் இடங்களைத் தம் வரம்பிலிருந்து விலக்கிவிட்டன. ஆகவே எங்கள் சேற்றுக்கு மிச்சமிருக்கும் கூரை அந்த மண்டல விதிதான். உயிருள்ள சேற்றுப்பரப்பை அது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள வகையில் வைக்கிறது. ஆனால் வரைபடத்தில் சேறு இருந்தால்தானே விதி பேசும்? 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்திலிருந்த கழிமுகம், பிறகு புழங்கிய வரைபடத்தில் இல்லை என்று, தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களைக் காட்டி மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் குற்றம் சாட்டினார்கள். ஆற்றைக் காகிதத்தில் அழிப்பது, மண் கொட்டி மூடுவதைவிடச் செலவு குறைந்த வேலை.

எனவே கேட்பது இரண்டு. சேற்றுப்பரப்பையும் அலையாத்தியையும் மீனவரோடு நடந்து அளந்து, எல்லையைத் தமிழில் வெளியிடுங்கள். குப்பத்து மீனவர் சபைகளில் ஒட்டுங்கள். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உங்கள் துறை எடுக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இந்த முகத்துவாரம் ஒரு தடவைகூட விடுபடாமல் பாருங்கள். காகிதத்தில் காணாமல் போன ஆற்றுக்குப் பறவைகளின் எண்ணிக்கையும் ஒரு சாட்சி.

குழுவை அனுப்பும்போது அலுவலக நேரத்துக்கு அனுப்பாதீர்கள், பத்து மணிக்கு வந்தால் தண்ணீர் ஏறியிருக்கக்கூடும். வற்றம் எப்போது என்று முதல் நாளே படகுக்காரர்களைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எண்ணூர்வாசி ஒருவர்