ஆலை மூடிய இடத்தில் அறிவுக்கூடம் திறக்கட்டும்!

நம் சமுதாயத்தில் ஒரு கல்லூரி தொடங்க வேண்டும் என்று நாலு பேர் கூடினால் முதல் பேச்சு நிலம். அடுத்த பேச்சு வசூல். வள்ளியூர், ஏர்வாடி, மேலப்பாளையம் வணிகர்களும், வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்தும் நம் இளைஞர்களும் வாரித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி பத்திரப்பதிவு, சுற்றுச்சுவர், நுழைவாயில் வளைவு என்று மண்ணுக்குள் போய்விடுகிறது. ஆய்வுக்கூடம் அமைக்கவும், நல்ல பேராசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும் வரும்போது கை கடிக்கிறது.

இன்னொரு பக்கம் என்ன நடக்கிறது? மூடிப்போன நூற்பாலைகளும், அரிசி ஆலைகளும், பழைய பீடிக் கம்பெனிக் கிட்டங்கிகளும் கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. இவற்றில் உறுதியான கட்டடங்களை உயர்கல்விக்குத் திருப்பினால் என்ன?

இஸ்தான்புல் காட்டிய வழி

இது கற்பனை அல்ல. துருக்கியின் இஸ்தான்புல் நகரில், தங்கக்கொம்பு கழிமுகக் கரையில் உள்ள ஜிபாலி பகுதியில் 1884-ல் ஒரு புகையிலைத் தொழிற்சாலை எழுந்தது. பெண்கள் பெருவாரியாக வேலை செய்த ஆலை அது. 1990-களில் உற்பத்தி நின்றது. அரசு அதை இடித்து மனை போட்டு விற்கவில்லை. காதிர் ஹாஸ் என்ற தொழிலதிபர் நிறுவிய அறக்கட்டளைக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. பழைய சுவர்களைக் காப்பாற்றி, உள்ளே புதிய வசதிகளைச் செய்து, 2002-ல் அதைக் காதிர் ஹாஸ் பல்கலைக்கழக வளாகமாகத் திறந்தார்கள். மறு ஆண்டே ஐரோப்பிய மரபுச் சின்னப் பாதுகாப்பு விருது அதைத் தேடி வந்தது.

அதே கழிமுகத்தின் மேற்கோடியில் 1914 முதல் 1983 வரை ஓடிய சிலாஹ்தராகா அனல்மின் நிலையமும் 2007-ல் பில்கி பல்கலைக்கழகத்தின் வளாகமானது.

துருக்கியில் அரசு சாராத பல்கலைக்கழகத்தைத் தொடங்கும் உரிமை அறக்கட்டளைக்கே உண்டு. அவற்றை 'வக்ஃப் பல்கலைக்கழகம்' என்றே அழைக்கிறார்கள். வக்ஃப் என்ற சொல் நமக்குப் புதிதா? மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்திருக்கும் தாய்மார்களை நாம் அறிவோம். ஜிபாலியில் பெண்கள் சிகரெட் செய்த கட்டடத்தில் இன்று பெண்கள் சட்டமும் பொறியியலும் படிக்கிறார்கள். நம் தாய்மார்களின் பெண் மக்களுக்கு அந்த வாய்ப்பு வேண்டாமா?

சென்னை கைவிட்ட வாய்ப்பு

நம் தமிழகத்தில் நடந்தது என்ன? திரு.வி.க. வழிநடத்திய தொழிலாளர் இயக்கத்தைக் கண்ட பெரம்பூர் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கல்வி வளாகமே அங்கு அமைந்திருக்கலாம். அந்தக் கிட்டங்கிகள் சினிமாப் படப்பிடிப்புக்குப் போயின. பிறகு அடுக்குமாடி வீடுகள் வந்தன. நிலத்தின் விலையை மட்டும் பார்த்தால் இதுதான் நடக்கும்.

கட்டடம் தாங்குமா?

பழைய நூற்பாலைகள் கனமான இயந்திரங்களின் பாரத்தையும் அதிர்வையும் தாங்கக் கட்டப்பட்டவை. தூண்களுக்கிடையே விசாலமான இடம் உண்டு. ரம்பப்பல் போன்ற கூரையில் வடக்கு நோக்கிய கண்ணாடிகள் வழியே, வெயில் நேரே விழாமல் வெளிச்சம் வரும். நூலகத்துக்கும் பட்டறைக்கும் இதைவிட என்ன வேண்டும்?

அதற்காகப் பார்த்தவுடன் குடியேறிவிட முடியாது. தகுதியுள்ள பொறியாளர் கட்டட உறுதியைச் சோதிக்க வேண்டும். கல்நார் கூரையைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் வழி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் எல்லாம் வேண்டும். இதற்குச் செலவு உண்டு. சில கட்டடங்களில் புதிதாகக் கட்டுவதே மேல் என்றும் கணக்கு வரலாம். அந்தக் கணக்கைப் போட்டே பார்க்காமல் வயலை விலை பேசுவதுதான் தவறு.

"நம்மால் பல்கலைக்கழகம் ஆகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹைதராபாத் ஐ.ஐ.டி. 2008-ல் தொடங்கியபோது சொந்த வளாகம் இல்லை. எத்துமைலாரம் ஆயுதத் தொழிற்சாலை வளாகத்தில்தான் வகுப்புகள் நடந்தன. திருச்சி ஜமால் முகமது கல்லூரியை 1951-ல் எழுப்பியவர்கள் வணிகப் பெருமக்கள்தாம். வள்ளியூரைச் சுற்றி மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனை, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், முப்பந்தலில் காற்றாலைகள். இவற்றுக்கு வேண்டிய தொழில்நுட்பத்தைக் கற்பிக்க, ஏற்கெனவே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் தொடங்கினால் போதாதா?

அரசிடம் நாம் கேட்க வேண்டியது இரண்டு. மூடிய அரசு, கூட்டுறவு ஆலைகளை ஏலம் விடுமுன், கல்விக்காக நீண்டகாலக் குத்தகைக்குத் தர முடியுமா என்று பார்க்க வேண்டும். தொழிலாளர்களுக்குப் பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். உழைத்தவன் கூலியை நிறுத்தி வைத்துவிட்டு அதன்மேல் கல்விக்கூடம் எழுப்புவது நியாயமாகாது.

வணிகப் பெருமக்களே! உங்களிடம் பூட்டிக் கிடக்கும் கிட்டங்கியின் சாவியைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். இளைஞர்களே! உங்கள் வட்டாரத்தில் மூடிக் கிடக்கும் ஆலைகள் எத்தனை, யாருக்குச் சொந்தம், என்ன நிலையில் உள்ளன என்று ஒரு பட்டியல் எடுங்கள். அடுத்த முறை கல்லூரிக்காக நாலு பேர் கூடும்போது, நிலத்தின் விலைக்கு முன்னால் அந்தப் பட்டியல் மேசைமேல் இருக்கட்டும்.