சீரியல் நம்பர் இல்லாத ‘பேய்த் துப்பாக்கி’: எந்தப் பாகம் துப்பாக்கி? அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

துப்பாக்கின்னா குழலும் விசையும்தானே என்று நினைப்போம். அமெரிக்கச் சட்டம் வேற மாதிரி பார்க்கிறது. குழல், ஸ்பிரிங் போன்றவை பெரும்பாலும் வெறும் உதிரி பாகங்கள். உள் பாகங்களைத் தாங்கும் ‘ஃபிரேம்’ அல்லது ‘ரிசீவர்’தான் சட்டப்படி துப்பாக்கி.

ஓட்டை எங்கே?

ஃபிரேமுக்கு சீரியல் நம்பர் வேண்டும். கடைக்காரருக்கு உரிமம், வாங்குபவருக்குப் பின்னணிச் சோதனை. அதனால் உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஃபிரேமைப் பாதியில் நிறுத்தி, கிட்டாக விற்றார்கள். ‘இது இன்னும் துப்பாக்கியே ஆகலையே’ என்பது அவர்கள் வாதம்.

பாதிப்பு என்ன?

2017இல் போலீசார் தடம் தேட அனுப்பியவை சுமார் 1,600. 2021இல் 19,000-க்கும் மேல். கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி சிக்கினாலும், வாங்கியவர் யார் என்று தேட நம்பரே இருக்காது.

கோர்ட் சொன்னது என்ன?

இந்த கிட்களுக்கும் அதே விதி என்று 2022இல் பைடன் அரசு அறிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச் 26 அன்று 7-2 என்ற கணக்கில் விதி செல்லும் எனத் தீர்ப்பு. எழுதியவர், டிரம்ப் நியமித்த நீதிபதி நீல் கோர்சச்.

இனி?

எல்லா பாகமும் துப்பாக்கி ஆகிவிடாது. சுலபமாகத் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கிட்கள் சிக்கும். எது சுலபம் என்பதில்தான் அடுத்த சண்டை.