ஐப்பசிக் கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி 3,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் மரக்காணம் உப்பளங்களில் தை பிறந்தபின் சூடுபிடிக்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் நின்றுவிடுகிறது. அளம் நீரில் மூழ்கியிருக்கும் ஐப்பசி முதல் மார்கழி வரை அதை நம்பிய வீடுகளுக்குக் கூலி இல்லை. பிற ஊர்களில் எப்போதாவது வந்து போகும் பொருளாதார நெருக்கடிக்கு இங்கே நாள்காட்டியிலேயே இடம் இருக்கிறது.

வருமானம் குறையக் குறைய மொத்தச் செலவில் உணவின் பங்கு கூடும் என்பது, பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவை ஆராய்ந்து 1857இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் வகுத்த விதி. இந்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி ஊரகத்தில் உணவின் பங்கு 46.38 விழுக்காடு, 1999-2000இல் அது 59.4 ஆக இருந்தது. முன்னேற்றம்தான், ஐயமில்லை. ஆனால் பங்குனியில் மீன் குழம்பு கொதித்த வீடும் கார்த்திகையில் ரசத்தோடு முடித்துக்கொண்ட வீடும் ஒன்றே என்பதைச் சராசரி சொல்லாது.

தமிழகத்தில் இந்த மாற்றத்தைக் கண்டறிவது மேலும் கடினம். 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் உலை கொதிப்பது நிற்பதில்லை. பற்றாக்குறை சோற்றில் தெரியாமல், சோற்றோடு சேர்வதில் தெரிகிறது. முதலில் நிகழ்வது பதிலீடு, அதாவது விலை கூடியதை விட்டு மலிவானதற்கு மாறுதல்: மீன் கருவாடாகி, கருவாடு துவையலாகிறது. அடுத்தது ஒத்திவைப்பு: கூரை மாற்றுவதும் பல் வைத்தியமும் கண்ணாடியும் தைக்குத் தள்ளப்படுகின்றன. ஒத்திவைத்ததைச் சேமிப்பு என்று கருதுவோர் உண்டு. தள்ளிப்போட்ட பல்வலிக்குப் பிறகு ஆகும் செலவை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. இதற்கிடையே, கூலி நிற்கும் அதே ஐப்பசியில்தான் பெரும்பாலும் தீபாவளியும் வந்து நிற்கிறது என்பதால், துணியும் பலகாரமும் கடனில்தான் வாங்கப்பட வேண்டும்.

வரவு உள்ள மாதத்துக்கும் இல்லாத மாதத்துக்கும் இடையே செலவை நிரவிக்கொள்வதைப் பொருளியலார் நுகர்வைச் சமன்படுத்தல் என்பர். சேமிப்பு இல்லாத வீட்டில் அந்தச் சொல்லுக்கு முன்பணம், நகை அடகு, குழுக்கடன் என்பவையே பொருள். நுண்கடன் வாங்கிய குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி கூறுகிறது. ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டாக வகுத்து அந்த வரம்பைக் காணலாம். ஐப்பசியின் வருமானத்தில் பாதி எவ்வளவு என்று கேட்டால் அவ்விதி திகைக்கும். மீனையும் எண்ணெயையும் குறைக்கலாம், தவணையைக் குறைக்க முடியாது. எனவே நெருக்கடி முற்றும்போது வயிறு விட்டுக்கொடுத்த இடத்தில் வட்டி உட்கார்ந்துகொள்கிறது. செலவுத் தொகை அதேதான், அது போய்ச் சேரும் இடம் மட்டும் மாறிவிட்டது.

ஆண்டுதோறும் வரும் இந்தச் சிறு நெருக்கடியின் மேல் பெரியது வந்து விழும்போது குறைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. 2020 மார்ச் 25இல் தொடங்கிய பொதுமுடக்கம் மழைக்காலத்துக்காகச் சேர்த்துவைக்க வேண்டிய வெயில் மாதங்களையே தாக்கியது. 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலோ, கூலியற்ற மாதங்களின் நடுவில் வந்து உப்பளங்களை மூழ்கடித்தது.

இதில் ஒரு முரண். விலை ஏறினாலும் இறங்கினாலும் வாங்கும் அளவு மாறாத பண்டத்துக்குப் பொருளியல் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு உப்பு. எந்த நெருக்கடியிலும் எந்த வீடும் குறைக்காத அந்தப் பொருளை விளைவிப்போரின் அடுப்படியில்தான் மற்ற எல்லாமே குறைகின்றன.

மழைக்கால வேலையின்மையைத் தமிழக அரசு 2022இல் ஏற்றுக்கொண்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது வரவேற்கத்தக்கதே. அந்த மூன்று மாதங்களுக்கு 92 நாட்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 54 ரூபாய். பருப்பும் எண்ணெயும் தவணையும் அதற்குள் அடங்க வேண்டும்.