திங்கட்கிழமைத் தட்டு

வியாபாரம் படுத்துவிட்டால் முதலில் எதைக் குறைப்பீர்கள்? விலையைத்தானே? எங்கள் தெருத் தையற்கார அம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். 2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஜூன் மாதத்துச் சீருடை வேலை போயிற்று. கல்யாணங்கள் 50 பேரோடு முடிந்தன. பட்டு ரவிக்கை தைக்க ஆளில்லை. மறு வருஷமும் அதே கதைதான்.

"கூலியைப் பாதியாக்கிடலாம்னு இருக்கேன், அம்மா. அதுக்கும் யாரும் வரலைன்னா மெஷினை வித்துட வேண்டியதுதான்" என்றாள்.

அவளுக்கு நான் ஒரு சினிமாக் கொட்டகைக் கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1929 அக்டோபரில் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த நாலு வருஷத்துக்குள் ஒரு கோடிப் பேருக்கு மேல் வேலையில்லாமல் திண்டாடினார்கள். செலவைச் சுருக்க வேண்டுமென்றால் வீட்டில் முதலில் எதில் கை வைப்போம்? சினிமாவில்தான்! 1930-ல் வாரத்துக்கு 8, 9 கோடி டிக்கெட் விற்ற தேசத்தில், 1933 வாக்கில் அது சுமார் 6 கோடிக்கு இறங்கிவிட்டது. கொட்டகைக்காரர்கள் டிக்கெட் விலையைக் குறைத்தார்கள். எதிர்க் கொட்டகைக்காரரும் குறைத்தார். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள், அவரும் காட்டினார். ஆயிரக்கணக்கான கொட்டகைகள் கதவைச் சாத்தின.

சில கொட்டகைக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். சினிமாவுக்குப் போகலாமா, வேண்டாமா என்று வீட்டில் தீர்ப்புச் சொல்வது யார்? சந்தேகமென்ன, வீட்டுக்காரிதான்! (அந்த விஷயத்தில் அமெரிக்காவும் நம் ஊரும் ஒன்று.) கூட்டமில்லாத திங்கள், செவ்வாய் இரவுகளில், டிக்கெட் வாங்கும் ஒவ்வொரு பெண்மணிக்கும் ஒரு பீங்கான் சாமான் இலவசம் என்று அறிவித்தார்கள். இந்த வாரம் கோப்பை. அடுத்த வாரம் சாஸர். அதற்கடுத்த வாரம் தட்டு. எல்லாவற்றிலும் ஒரே பூவேலை! பாதி செட்டோடு நிறுத்திவிட நமக்கு மனசு வருமா, சொல்லுங்கள்? அவர்களுக்கும் வரவில்லை. வாராவாரம் வந்தார்கள், புருஷனையும் குழந்தைகளையும் கூட அழைத்து வந்தார்கள். இருட்டில் யார் மடியிலிருந்தாவது தட்டு நழுவி, 'டணார்' என்று உடைவதும் உண்டாம்.

கொட்டகைக்காரர் ஏமாளியல்ல. மொத்தமாக வாங்கினால் சாமான் ஒன்று சில சென்ட்தான். காலி நாற்காலிக்கும் சேர்த்துத்தானே படம் ஓடுகிறது, விளக்கு எரிகிறது? அந்த நாற்காலியில் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் கிடைப்பது லாபம். விலையைக் குறைத்தால் இன்றைக்கு வருவார்கள். நாளைக்கு இன்னும் குறைத்தவனிடம் போய்விடுவார்கள். பூவேலைத் தட்டு கையில் இருக்கிறவள் எதிர்க் கொட்டகைக்குப் போவாளா?

தையற்கார அம்மாள் சிரித்துவிட்டாள். "தட்டுக்கு நான் எங்கே போவேன்?"

அடுத்த வாரம் அவள் வாசலில் ஒரு பலகை தொங்கிற்று: 'வெள்ளிக்கிழமை மத்தியானம் கொக்கி தைக்கக் கூலி இல்லை.' நூல் அவளிடம் இருந்தது. வேலையில்லாத மத்தியானமும் நிறையவே இருந்தது. கொக்கி வைக்கும்போதே ரவிக்கையைத் திருப்பிப் பார்ப்பாள். "கை பிடிக்குதே, பிரிச்சு விடட்டுமா?" என்பாள். அதற்குக் கூலி உண்டு. பாதிக் கூலியல்ல, முழுக் கூலி! புதுசு தைக்க யாருக்கும் வழியில்லாத அந்த வருஷத்தில், பழசைப் பிரித்துத் தைக்கவே பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். அளவு நோட்டில் புதுப் பெயர்கள் ஏறின.

இதில் ஒரு சங்கடமும் இல்லாமல் இல்லை. சிலர் மாசக் கணக்கில் கொக்கிக்காக மட்டுமே வந்து போனார்கள். நானும் அவர்களில் ஒருத்தி என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

மெஷினை அவள் விற்கவில்லை. பள்ளிக்கூடங்கள் திறந்து சீருடை வேலை வந்த பிறகு கூலியைக்கூட ஏற்றினாள். பலகையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, எழுத்து மங்கிப்போனதென்று புதுச் சாயம் பூசி மறுபடி மாட்டியிருக்கிறாள்.